ஆயுத பூஜையில் வைத்த மூன்று கிரெடிட் கார்டுகள்

நான் கற்பூரம் காட்டிக் கெடுத்த பொருள்கள் இந்த உலகத்தில் மூன்று உண்டு. மூன்றும் கிரெடிட் கார்டுகள். வேறு யாராவது இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இத்தனை வருடமாக நான் ஒருவன் மட்டும் தனியாக இருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை.) பெங்களூர் ஓட்டல் ஒன்றில் தட்டு கழுவினேன். திருப்பூரில் பனியன் அடுக்கினேன். போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போய் முன்பின் தெரியாதவர்கள் நிலத்திலெல்லாம் துளை போட்டேன். இடது கை நடுவிரலின் நுனி அந்த வேலையில் போனது. வலித்தது, ஆறியது, அடுத்த ஊருக்குப் போனோம். ஒரே ஊரில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் அரித்தது.

கல்யாணம் செய்துகொண்டது அம்சவேணியை. அவள் பிளஸ் டூ. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு மாவு மில்லில் ஆறு வருடமாக மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெல்ட் எந்த நேரத்தில் அறுந்துபோகும், எந்த சல்லடை எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். நான் ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் அனுப்பிய பணத்திலும் எரிந்திருக்கும், அனுப்பிய மாதங்களில்.

சித்தேரி மலையில் சாமை விளைகிறது. அரிசியாக்க வேண்டுமென்றால் மேலே இருக்கிற உமியைத் தள்ள வேண்டும். அதற்கு மலைப் பெண்கள் மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுவருவார்கள். பஸ் கட்டணம், மூட்டைக்குத் தனிக் கட்டணம், ஒரு நாள் கூலி என்று எல்லாம் போக, கடைசியில் "எதுக்கு இந்த ரோதன" என்று உமியோடு வியாபாரியிடமே போட்டுவிடுவார்கள். அவர் வைத்ததுதான் விலை. இதை மில்லில் நின்று ஆறு வருடம் பார்த்த அம்சவேணி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்:

"மூட்ட எதுக்குங்க கீழ வரணும்? மெசினு மேல போனா ஆகாதா?"

அவ்வளவுதான். ஒரே வாக்கியம். தொழில் திட்டம் என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லி முடித்தாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

"காசுக்கு என்னா பண்றது?" என்றும் அவளே கேட்டாள்.

அங்கேதான் நான் நுழைந்தேன்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சம்பளம் பேங்கில் விழும். சம்பளம் விழுந்த மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு பெண் குரல் போனில் "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தது. என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. முதல் கார்டு அந்த ஒரு வார்த்தைக்காக வாங்கியது. இரண்டாவது, முதல் கார்டு வைத்திருப்பதால் கிடைத்தது. மூன்றாவது ஒரு பெரிய கடை வாசலில் வாங்கினேன். கூடவே ஒரு பை இலவசம். மூன்று கார்டுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரைக்கும் இழுக்கலாம். எங்கள் பரம்பரையிலேயே அந்தத் தொகையைச் சட்டைப்பையில் வைத்திருந்த முதல் ஆள் நான்.

"நாப்பத்தஞ்சு நாளைக்கு வட்டியே கெடையாது அம்சா. சும்மா குடுக்கறாங்க."

"யாருங்க சும்மா குடுக்கறது?"

"பேங்குக்காரங்க."

"அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

சொந்தமில்லைதான். ஆனாலும் வேறு வழியும் இல்லை. அடமானம் வைக்க நிலமில்லை, நகையைத் தொடக்கூடாது என்பதில் அவள் உறுதி. (வைத்தால் திரும்பாது என்பதை அவள் அம்மா வீட்டில் பார்த்திருக்கிறாள்.) ஒரு வாரம் யோசித்தாள். கார்டோடு வந்த சின்ன எழுத்துக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். பிறகு, "சரி, வாங்கலாம். ஆனா தவண தேதி எங்கையில" என்றாள்.

மலை மேல் ஓர் ஊரில் லட்சுமியக்கா என்று மில்லுக்கு வந்து பழக்கமானவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனில் பேசினாள். அப்போது சாமை அறுவடை முடிகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை வியாபாரியின் லாரி மலைக்கு வருகிறது. அதற்குள் மிஷின் வந்துவிடுமா என்று லட்சுமியக்கா கேட்டிருக்கிறார்.

"சனிக்கெழம மெசினோட வந்து நிப்பேங்க்கா. அது வரைக்கும் யாரையும் மூட்டயப் போட வேணான்னு சொல்லுங்க."

இது அம்சவேணி கொடுத்த வாக்கு. நாற்பது வீட்டுக்காரர்கள் வியாபாரியிடம் முன்பணம் வாங்காமல் அந்த வாக்கை நம்பி மூட்டையைக் கட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை நாங்கள் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரர் பாதி விலைக்குக் கேட்பார், அவர்களும் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த மலையில் அம்சவேணியை யாரும் நம்ப மாட்டார்கள். நானாவது ஊர் மாறிப் போய்விடுவேன். அவள் எங்கே போவாள்?

வெள்ளிக்கிழமை விஜயதசமி. அன்றைக்கு சேலத்தில் மிஷின் வாங்குவது என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை ஆயுத பூஜை.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் எதையும் விட மாட்டோம். அரிவாள், கடப்பாரை, தையல் மிஷின், சைக்கிள், மிக்சி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். எவன் எதை வைத்துப் பிழைக்கிறானோ அதற்குப் பொட்டு. அன்று காலையில் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அம்சவேணியின் திருப்புளி, ஸ்பேனர் எல்லாம் வரிசையாக மணைமேல் ஏறிவிட்டன. எனக்கென்று ஓர் ஆயுதம்கூட இல்லை. வேன் பெங்களூரில் நின்றது, அதுவும் கம்பெனியுடையது. அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது.

மூன்று கார்டுகளையும் எடுத்தேன். மூன்று வெற்றிலை போட்டு அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். எங்கே பொட்டு வைப்பது என்று ஒரு குழப்பம். கார்டில் ஓரமாகத் தங்கக் கலரில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறதல்லவா? பார்த்தால் நெற்றி மாதிரியே இருந்தது. அங்கேதான் வைத்தேன். சந்தனம் தாராளமாக. அதன்மேல் குங்குமம். (கஞ்சத்தனம் பண்ணினால் சாமி குற்றமாகிவிடும்.)

அம்சவேணி பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு வந்தவள் நின்று பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"இதானே நம்ம ஆயுதம்."

"ஆயுதமா? அருவாளு வெட்டுது, வெக்கறோம். இது யார வெட்டுமாம்?"

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாத."

அவள் பொரியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கற்பூரத் தட்டை எடுத்தேன். அரிவாளுக்கு ஒரு சுற்று, தையல் மிஷினுக்கு ஒரு சுற்று. கார்டுகளுக்கு மட்டும் மூன்று சுற்று, அதுவும் மிக நெருக்கமாக. இரண்டாவது கார்டுக்குக் காட்டும்போது தீபம் கொஞ்சம் பட்டதோ என்று தோன்றியது. பட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை முடிகிற வரைக்கும் எடுக்கக்கூடாது. அது முறை. ஆகவே சந்தனம் அந்தத் தங்கச் சதுரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் நன்றாகக் காய்ந்து, சிமென்ட் பூச்சு மாதிரி பிடித்துக்கொண்டது. காலையில் எடுத்து அப்படியே சட்டைப்பையில் போட்டேன். துடைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கடையில் போய் மிஷினுக்கு நேராக நிற்கிற வரைக்கும் பொட்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்னராசுவின் லோடு வண்டியைப் பேசியிருந்தோம். சின்னராசு கடத்தூர்க்காரன், எனக்குத் தம்பி முறை. மூன்று பேரும் மஞ்சவாடி கணவாய் ஏறிச் சேலம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். விஜயதசமி என்பதால் மிஷின் கடையில் நல்ல கூட்டம். மாவு மில் வாங்க, கரும்பு பிழிகிற மிஷின் வாங்க என்று பத்துப் பன்னிரண்டு பேர் மாலையும் கையுமாக நின்றார்கள்.

நான் முன்பே ஒரு நாள் தனியாக வந்து ஆர்டர் கொடுத்து வைத்திருந்தேன். அம்சவேணி கேட்டது சாமை உமி தள்ளுகிற மிஷின் ஒன்று. நான் சொன்னது, உமி தள்ளுகிற மிஷின், அதன் பிறகு அரிசியைப் பளபளப்பாக்க பாலிஷ் மிஷின், எல்லாவற்றையும் ஓட்ட ஜெனரேட்டர், பிளாஸ்டிக் பைக்குச் சூடு வைத்து ஒட்டும் கருவி, அதோடு எலக்ட்ரானிக் தராசு. மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம். தொழில் என்று இறங்கினால் பெரிதாக இறங்க வேண்டும் என்பது என் கொள்கை. (வேறொருவர் பணம் என்றால் இந்தக் கொள்கை இன்னும் உறுதியாகிறது.)

"ராகு காலத்துக்கு முந்தி ஏத்திருங்க. பில்லு அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் கடை முதலாளி. நல்ல மனிதர். ஏற்றினார்கள். மிஷினுக்கு மாலை போட்டோம். வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். சின்னராசு வண்டியை ஓரடி முன்னே நகர்த்தி நான்கையும் நசுக்கினான். தேங்காய் ஒரே போடில் சரிபாதியாக உடைந்தது. இதற்கு மேல் ஒரு தொழிலுக்கு என்ன வேண்டும்? நான் சட்டைப்பையிலிருந்து முதல் கார்டை எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"தம்பி, இது என்னா, கார்டுக்குக் காதுகுத்தா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, அவர் கையிலிருந்து வாங்கி நானே ஸ்வைப் மிஷினில் சொருகினேன். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். போனது. அதன் பிறகு வரவில்லை.

இழுத்தேன். முதலாளி இழுத்தார். கடை வேலையாள் ஒருவர் குறடு கொண்டுவந்தார். காய்ந்த சந்தனம் உள்ளே போய்க் கவ்விக்கொண்டது. அந்தக் கடையில் இருந்தது அந்த ஒரே ஸ்வைப் மிஷின். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் கார்டோடு வந்தவர்கள்.

"ஏனுங்க, எங்களுக்கும் ராகு காலம் வருதுங்க" என்றார் ஆத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர்.

"எங்க பொறந்தவனோ! சாமி கும்புடற எடமா அது?" என்றார் இன்னொருவர்.

நான் அவசரமாக இரண்டாவது கார்டை எடுத்தேன். அது அப்பளம் பொரிக்கும்போது ஓரம் தூக்குமே, அப்படித் தூக்கியிருந்தது. அதை உள்ளேயே வைத்துவிட்டேன்.

அம்சவேணி அதுவரை வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஏற்றிய மிஷினின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்தாள். ஸ்வைப் மிஷினை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, சாமி படத்து விளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயைக் கார்டின் ஓரத்தில் மட்டும் தொட்டு வைத்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, நிமிர்த்தி, இடுக்கில் விட்டு மெல்ல நெம்பினாள். ஆறு வருடம் மாவு அடைத்த சல்லடைக் கண்களைக் குத்தியெடுத்த கை அது. இரண்டு நிமிடத்தில் கார்டு வெளியே வந்தது. கூடவே ஒரு சிட்டிகை சந்தனமும் கொட்டியது. மிஷினை ஊதினாள், துணியால் துடைத்தாள், முதலாளியிடம் கொடுத்தாள்.

"போட்டுப் பாருங்கண்ணா."

ஆத்தூர்ப் பெரியவரின் கார்டைப் போட்டார்கள். சீட்டு வந்தது. பெரியவர் சீட்டை மூக்கருகே கொண்டுபோனார். "வாசமா இருக்குதுப்பா. வெள்ளிக்கெழம, நல்லதுதான்" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் சீட்டை மோந்து பார்த்துவிட்டே பையில் வைத்தார்கள்.

எங்கள் முறை வந்தது. மணி பத்தரை தாண்டிவிட்டது. அம்சவேணி முதல் கார்டின் நெற்றியை ஊக்கு முனையால் சுரண்டி, முந்தானையில் பட்டுப்போல் துடைத்துக் கொடுத்தாள். மூன்றாவது கார்டை நானே எச்சில் தொட்டுத் துடைத்தேன். அதை முதலில் போட்டோம். மிஷின் ரகசிய எண் கேட்டது. மூன்று கார்டுக்கும் மூன்று எண் வைத்திருந்தேன்: ஒன்று கல்யாண வருடம், ஒன்று எங்கள் மகள் பிறந்த வருடம், ஒன்று வண்டி எண். எது எதற்கு என்பது அந்தக் கடையில் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எனக்கு மறந்துபோனது. வண்டி எண்ணைப் போட்டேன், தப்பு. கல்யாண வருடம் போட்டேன், தப்பு.

"கல்யாணம் ஆன வருசம் அது இல்லீங்க" என்றாள் அம்சவேணி மெதுவாக.

அவள் சொன்ன வருடத்தைப் போட்டேன். அதுவும் தப்பு, ஏனென்றால் நான் கார்டில் வைத்திருந்தது மகள் பிறந்த வருடம். மூன்று முறை தப்பானதும் கார்டு முடங்கிவிட்டது. இரண்டு வாழ்க்கைச் சம்பவங்களை ஒரே நாளில் குழப்பிய கணவன் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

மீதி முதல் கார்டு. அதில் தொண்ணூறாயிரம் இருப்பதாக என் கணக்கு. "தொண்ணூறப் போடுங்க, பாக்கிக்கு ஒரு வாரம் டைம் குடுங்க" என்றேன். முதலாளி யோசித்து, போட்டார். கார்டு படித்தது. எண் சரியாக இருந்தது. ஆனால் பணம் வரவில்லை. மறுத்துவிட்டது.

பேங்குக்குப் போன் போட்டேன். என் போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர், போர்வெல் ரிக்கில் வேலை பார்த்தபோதே கீழே விழுந்து போய்விட்டது. வெளி ஸ்பீக்கரில் மட்டும்தான் கேட்கும். கடை முழுக்கக் கேட்டது.

"வணக்கம் சார். பாதுகாப்புக்காகச் சில கேள்விகள். உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயர்?"

"மாதம்மா."

"திருமணத்துக்கு முந்தைய பெயர் சார்."

"அதாங்க. கல்யாணத்துக்கு முந்தியும் மாதம்மா, பிந்தியும் மாதம்மா. அவுங்க பேர மாத்தலீங்க."

ஆத்தூர்ப் பெரியவர் இன்னும் போகவில்லை. "சரியாத்தான் சொல்றான்" என்று சாட்சி சொன்னார்.

"நன்றி சார். கடைசியாக இந்தக் கார்டில் செய்த மூன்று செலவுகளைச் சொல்ல முடியுமா?"

அம்சவேணி பக்கத்தில்தான் நின்றாள்.

"சார், லைனில் இருக்கிறீர்களா? சொன்னால்தான் தகவல் தர முடியும்."

"ஒரு... பிரியாணி கடைங்க."

"தொகை சார்?"

"மூவாயிரத்து எரநூறு."

(அது கம்பெனி மீட்டிங். ஐந்து பேரைக் கூட்டிவந்து என் தொழில் திட்டத்தை விளக்கினேன். அந்த ஐந்து பேரில் சின்னராசுவும் ஒருவன். அவன் அந்த நேரத்தில் வண்டியின் டயரைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தான்.)

"அடுத்தது சார்?"

"கூலிங் கிளாஸ்ங்க. ஆயிரத்து எழுநூறு."

"அடுத்தது?"

"விசிட்டிங் கார்டும்... போர்டும்."

"எவ்வளவு சார்?"

"ஆறாயிரத்து ஐந்நூறு."

"மிக்க நன்றி சார். உங்கள் கார்டில் இப்போது எழுபத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய் உள்ளது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வேண்டும்தான். தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் பெரிய உதவியாக இருந்திருக்கும். அந்த விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருந்தேன் என்றால், என் பெயர், அதன் கீழே "நிர்வாக இயக்குநர்", அதன் கீழே ஒரு சிங்கத்தின் படம். ஐந்நூறு கார்டு.

அம்சவேணி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையைச் சொருகிக்கொண்டு நேராக வண்டிக்குப் போனாள்.

"சின்னராசு, எறக்கு."

"எத அண்ணி?"

"அந்த ஜெனரேட்டர எறக்கு. மலையில கரண்டு இருக்குது. லட்சுமியக்கா வூட்டுக் கொட்டாயில ப்ளக் பாயிண்டு இருக்குதான்னு போன வாரமே கேட்டுட்டேன்."

(நான் கேட்கவே இல்லை. மலை என்றால் இருட்டு என்று நானே முடிவு செய்திருந்தேன்.)

ஜெனரேட்டர் இறங்கியது.

"அந்தப் பாலிசு மெசினு."

"அரிசி பளபளப்பா இருந்தாத்தானே அம்சா..." என்று ஆரம்பித்தேன்.

"பளபளப்பு போதுங்க, பாத்தாச்சு."

பாலிஷ் மிஷின் இறங்கியது. பை ஒட்டும் கருவி இறங்கியது. தராசு இறங்கியது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து வழியனுப்பிய என் சாம்ராஜ்யம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதைக் கடை முழுக்க நின்று பார்த்தது. கடைசியில் வண்டியில் அந்த உமி மிஷின் ஒன்றுதான், தனியாக, மாலையோடு நின்றது. விலை எண்பத்து நாலாயிரம். கையில் இருப்பது எழுபத்தெட்டு.

"அண்ணா, எழுபத்தெட்டுக்குப் போடுங்க" என்றாள்.

"கட்டாதும்மா. கார்டுன்னா எனக்கே ரெண்டு பர்சென்ட் புடிப்பாங்க."

"கட்டாதுன்னா உள்ள புதுசு ஒண்ணு குடுங்க. இது நீங்க வர்றவங்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டுன மெசினு. ரப்பர் உருளை ஒரு பக்கம் தேஞ்சிருக்குது. சல்லடையில ரெண்டு கண்ணு வளஞ்சிருக்குது. நான் தொறந்து பாத்தேன். எனக்கு இதே போதும், நானே சரி பண்ணிக்குவேன். வெலைய மட்டும் ஓட்டுன மெசினு வெலையாப் போடுங்க."

முதலாளி அவளைப் பார்த்தார். "எத்தன வருசமா மில்லுல இருக்கறம்மா?"

"ஆறு வருசங்க."

"உம் புருசன் என்னா பண்றாரு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடையில் அத்தனை பேர் நின்றார்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"வண்டி ஓட்டுவாருங்க. இனிமே என் கூட மில்லு ஓட்டுவாரு."

எழுபத்தெட்டாயிரத்துக்குப் போட்டார். சீட்டு வந்தது. நான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். மோந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"பன்னெண்டு வரைக்கும் ராகு காலம் அண்ணி. இருந்துட்டுப் போலாமா?" என்றான் சின்னராசு.

"ராகு காலத்துல போனாலும் சாமை சாமையாத்தான் இருக்கும். ஏறு."

கணவாய் இறங்கினோம். பிறகு அவளே கேட்டாள்: "பிரியாணியில முட்ட வெச்சாங்களா?" நான் "வெச்சாங்க" என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான் விசாரணை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மலை மேல் இருந்தோம். லட்சுமியக்காவின் கொட்டாயில் மாடுகளை ஒதுக்கிக் கட்டி இடம் செய்திருந்தார்கள். வாசலில் மூட்டைகள் வரிசையாக நின்றன, மூட்டைக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். அம்சவேணி உருளையைத் திருப்பிப் போட்டு, வளைந்த சல்லடைக் கண்களை ஊக்கால் நேராக்கி, ப்ளக்கைச் சொருகினாள். மிஷின் இரண்டு முறை இருமியது. பிறகு ஒரு பக்கம் உமி பறக்க, மறுபக்கம் மணி மணியாகச் சாமை அரிசி கொட்டியது. லட்சுமியக்கா ஒரு கை அள்ளி ஊதி, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் தள்ளுது ஆத்தா" என்றார். அவ்வளவுதான் திறப்பு விழா.

உமி கண்ணில் விழுந்து நான் தடுமாறினேன். "அந்தக் கூலிங் கிளாஸ எடுத்துப் போடுங்க" என்றாள் அம்சவேணி. அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் மிஷினில் மூட்டை கொட்டுகிறேன். ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு அது நன்றாகவே உழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி லாரியோடு வந்தார். கொட்டாய் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அரிசிக்கு என்ன விலை என்று கேட்டார். பெண்கள் சொன்ன விலையைக் கேட்டு லாரியில் ஏறிக் கீழே போய்விட்டார். அடுத்த வாரம் அந்த விலையைக் கொடுக்கத் திரும்பி வந்தார். பாலிஷ் போடாத சாமைதான் டவுனில் கேட்கிறார்களாம். நான் பளபளப்புக்குக் கொடுக்க இருந்த இருபத்தெட்டாயிரத்தை நினைத்துக்கொண்டே அடுத்த மூட்டையைக் கொட்டினேன்.

கார்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். முதல் மாதப் பில் வந்தபோது அதில் "குறைந்தபட்சத் தொகை" என்று நாலாயிரம் போட்டிருந்தது. என் செலவையும் சேர்த்துத் தொண்ணூறுக்கு நாலு கட்டினால் போதும் என்கிறார்களே, எவ்வளவு பெரிய மனசு என்று நான் நெகிழ்ந்துபோனேன். அம்சவேணி பின்பக்கத்தைப் படித்துவிட்டு, மிச்சத்துக்கு மாதம் எவ்வளவு வட்டி என்று காட்டினாள். எங்கள் ஊரில் வட்டிக்கு விடுகிறவர்கள் அதைப் பார்த்தால் வெட்கப்பட்டு மூட்டை கட்டியிருப்பார்கள். அரவைக் கூலியை அன்றைக்கு அன்றைக்கே தனியாக எடுத்து வைத்தாள். வாரத்துக்கு ஒரு முறை மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிப் போய்ப் பேங்கில் போட்டுவிட்டு வருவாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாமைச் சோறுதான், நொய்யாகக் கிடைத்தது. அதில் ஒன்றும் கஷ்டமில்லை, ரிக்கில் இருந்தபோது அதுவும் இல்லாத நாள் உண்டு. நாலாவது மாதக் கடைசியில் கடன் முடிந்தது. முடிந்த அன்றைக்கு மூன்று கார்டையும் கத்தரிக்கோலால் வெட்டினாள். அப்பளக் கார்டு மட்டும் கத்தரிக்கு வளைந்து கொடுத்தது.

இப்போது எங்களிடம் மலையில் இரண்டு மிஷின், கீழே ஒன்று. எனக்கும் கால் அரிப்பது நின்றுவிட்டது. அல்லது மலைக்கும் அடிவாரத்துக்கும் ஏறி இறங்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மில்லுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மிஷினை இறக்குவதற்கு முன்பே சின்னராசு கதையைச் சொல்லிவிட்டதால், மலை முழுக்க "பொட்டு மில்லு" என்றுதான் பெயர். கரண்ட் பில் எடுக்க வருகிறவர்கூட அப்படித்தான் கேட்டு வருகிறார். விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால் யாராவது ஒருவர் ஏடிஎம் கார்டை எடுத்து நீட்டி, "மாதையா, இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுக் குடேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு அம்சவேணியிடம் கதை கேட்பார்கள். அவள் நன்றாகச் சொல்வாள். கடை முதலாளி மாதிரிப் பேசிக் காட்டுவாள், ஆத்தூர்ப் பெரியவர் சீட்டை மோந்து பார்ப்பதைச் செய்து காட்டுவாள், மாதம்மா பெயரை இழுத்துச் சொல்வாள்.

ஆனால் இத்தனை வருடத்தில், எத்தனையோ வீட்டில், எத்தனையோ முறை சொன்னதில் அவள் ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை. பிரியாணி, கூலிங் கிளாஸ், விசிட்டிங் கார்டு. போன் பேசுகிற இடம் வந்ததும், மாதம்மாவோடு நிறுத்திவிட்டு, "அப்பறம் என்னமோ பணம் கம்மியா இருக்குதுன்னாங்க" என்று தாண்டிப் போய்விடுவாள். சின்னராசுவுக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு. என் சொந்த அண்ணனுக்கே அது தெரியாது.

இன்றைக்கு அதை நானே இங்கே எழுதிவிட்டேன். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மூட்டை தைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சாக்கு ஊசியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

"இத எதுக்குங்க எழுதுனீங்க? நான் பொத்திப் பொத்தி வெச்சேன்."

"உண்மையச் சொல்லணுமில்ல?"

"உண்மையச் சொல்றவரு முழுசாச் சொல்லுங்க. மூணு செலவுதானா? அந்தக் கார்டுக்கு முந்தின மாசப் பில்லையும் நாந்தானே படிச்சேன்."

எழுதப் போன என் கையிலிருந்து பேனாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுபடியும் மூட்டை தைக்கப் போய்விட்டாள்.